பழைய பேஸ்பால் கார்டுகள்: ஆரம்ப கால நட்சத்திரங்களைச் சேகரிப்பதும் விலை மதிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்துக் கார்டுகளைப் பற்றிய பக்கம் இது?

1887 வாக்கில் தொடங்கி 1930களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் சிகரெட், மிட்டாய், சூயிங்கம் பாக்கெட்டோடு வந்த பேஸ்பால் கார்டுகள். அதிலும் பெரும்பகுதி 1909-11 காலத்து டி206 என்ற தொகுப்பைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் ஹோனஸ் வாக்னர், டை காப், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன், சை யங் என்று அந்த ஆட்டத்தின் முதல் தலைமுறைப் பெரிய பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அதில்தான். புதிதாக வாங்க நினைப்பவர்களையும், ஏதோ ஒரு பழைய கார்டு கைக்கு வந்து அது என்னவென்று தெரியாமல் இருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பேஸ்பால் ஆட்டமே பழக்கமில்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

சிகரெட் கம்பெனிக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்துச் சிகரெட் பாக்கெட் மெல்லிய காகித உறைதான். உள்ளே சிகரெட் நசுங்காமல் இருக்க ஒரு சின்ன அட்டை வைப்பார்கள். வெறும் அட்டையை வைப்பதற்குப் பதிலாக அதில் படம் போட்டால் வாங்குகிறவர் அடுத்த படத்துக்காக அடுத்த பாக்கெட்டையும் வாங்குவார் என்று 1880களில் கம்பெனிகள் கண்டுகொண்டன. நடிகைகள், பறவைகள், கொடிகள், குத்துச்சண்டை வீரர்கள் என்று எல்லாம் வந்தன, பேஸ்பால் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். நியூயார்க்கின் குட்வின் கம்பெனி 1887 முதல் 1890 வரை ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டோடு கொடுத்த கார்டுகளில் நிஜமான புகைப்படத்தையே அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஸ்டுடியோவுக்குள் நூலில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டக்காரர் அதைப் பிடிப்பதுபோல நின்று எடுத்த படங்கள் அவை, சிலவற்றில் அந்த நூல் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும்.

1890-ல் பெரிய கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆனதும் போட்டி குறைந்தது, கார்டும் குறைந்தது. மறுபடி 1909-ல் அதே கம்பெனி டி206 தொகுப்பைக் கொண்டுவந்தது. 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது, டி206 காலமும் அந்த ஆண்டோடு முடிகிறது.

டி206 என்ற பெயரை யார் வைத்தது? கார்டில் அப்படி எங்கும் இல்லையே?

கார்டில் இருக்காது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் ஊரில் வாழ்ந்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் வைத்த எண் அது. அச்சடித்த அட்டை, விளம்பரத் தாள், அஞ்சலட்டை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்து, 1930களின் கடைசியில் ஒரு பட்டியலாக்கினார். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுக்கு ‘டி’, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ‘என்’, ஆரம்ப கால மிட்டாய்க் கார்டுக்கு ‘ஈ’ என்று எழுத்து கொடுத்து எண் போட்டார். இன்றைக்குக் கோடிக்கணக்கில் ஏலம் விடுகிற நிறுவனங்களும் அவர் போட்ட எண்ணைத்தான் சொல்கின்றன.

மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தானே அங்கே உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாக ஒட்டினார். வேலையை முடித்த சில வாரங்களில், 1963-ல் இறந்துபோனார். அவர் ஆல்பத்தில் ஒட்டியதால் கார்டின் மதிப்பு கெட்டது என்று இப்போது சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அவர் இல்லாவிட்டால் எது எந்தத் தொகுப்பு என்றே தெரிந்திருக்காது.

டி206-ல் மொத்தம் எத்தனை கார்டு? எவ்வளவு பெரியது?

சேகரிப்பாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் எண்ணிக்கை 524. அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் இரண்டரைக்குக் கொஞ்சம் கூடுதல். இன்றைய பேஸ்பால் கார்டில் பாதி அளவுகூட வராது. நேரில் முதல் முறை பார்ப்பவர்கள் ‘இவ்வளவுதானா’ என்பார்கள், அப்புறம் அந்த வண்ணத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மாட்டார்கள்.

ஹோனஸ் வாக்னர் கார்டு ஏன் இந்த விலைக்குப் போகிறது?

வாக்னர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்), இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் எட்டு முறை பேட்டிங் சராசரியில் முதலிடம், 1909 உலகத் தொடரில் (இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) டை காப் ஆடிய டெட்ராய்ட் அணியைத் தோற்கடித்த அணியின் தூண். ஆனால் கார்டின் விலைக்குக் காரணம் ஆட்டம் மட்டும் இல்லை. அவர் கார்டு அச்சில் போனபிறகு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மற்ற ஆட்டக்காரர்களின் கார்டு ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்க, இவருடையது உலகம் முழுக்க ஐம்பது அறுபதுதான் தெரியவந்திருக்கிறது.

ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. குழந்தைகள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்று அவர் மறுத்தார் என்பது ஒன்று. பணம் சரியாகக் கொடுக்காததால் மறுத்தார் என்பது இன்னொன்று. அவரே புகையிலை போடுபவர்தான் என்று சிலர் முதல் விளக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். தான் போடுகிற ஒருவர் பிள்ளைகள் போடக் கூடாது என்று நினைப்பதில் என்ன முரண்? நம் வீடுகளில் எத்தனை பெரியவர்கள் அப்படி இருந்திருக்கிறார்கள்.

பர்டிக் பட்டியலிலேயே, மற்ற கார்டுகள் சில காசு என்றிருந்த காலத்தில், இதற்கு 50 டாலர் என்று போட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் ஒன்று 66 லட்சம் டாலருக்கு மேல் போனது, 2022-ல் இன்னொன்று தனிப்பட்ட விற்பனையில் 72.5 லட்சம் டாலர். அந்த இரண்டாவது கார்டின் கிரேடு, அதாவது கார்டின் நிலைக்குக் கொடுக்கும் மதிப்பெண், பத்துக்கு 2. மூலை மழுங்கி, மடிப்பு விழுந்த கார்டுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பல பதில்கள் இதைச் சுற்றித்தான் போகும்.

‘கிரெட்ஸ்கி வாக்னர்’ என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

இருப்பதிலேயே பளிச்சென்று தெரிகிற வாக்னர் அது. 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் ஆடிய அணியின் உரிமையாளர் புரூஸ் மக்நாலும் சேர்ந்து சோத்பீஸ் ஏலத்தில் 4,51,000 டாலர் கொடுத்து எடுத்தார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் கம்பெனி முதன்முதலாகக் கிரேடு செய்த கார்டே இதுதான், கொடுத்த கிரேடு 8. நூறு வயதை நெருங்கும் சிகரெட் கார்டுக்கு 8 என்பது நம்ப முடியாத நிலை. கை மாறிக் கைமாறி 2007-ல் 28 லட்சம் டாலருக்கு அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் கென் கெண்ட்ரிக்கிடம் போனது.

கார்டின் ஓரம் வெட்டப்பட்டது என்ற பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. 2013-ல் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: ஆமாம், ஓரத்தை வெட்டிச் சீராக்கியது நான்தான். தன் ஏல நிறுவனத்தில் பொய்யாக ஏலம் கேட்டு விலையை ஏற்றியது உள்ளிட்ட மோசடிக்காக 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை.

இந்தப் பொழுதுபோக்கின் முகமாக இருந்த கார்டே திருத்தப்பட்டது என்றால், பளபளப்புக்காக அதிக விலை கொடுப்பதில் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். நான் எல்லோரிடமும் சொல்வது, நேர்மையாக அடிபட்ட கார்டை வாங்குங்கள். ஒரு பையன் சட்டைப் பையில் வைத்து மூலை மழுங்கிய கார்டில் மறைக்க ஒன்றும் இல்லை.

வாக்னர் நமக்கு எட்டாது. முதலில் யாரை வாங்கலாம்?

முதல் கார்டு ஒரு ‘காமன்’ ஆக இருக்கட்டும். அதாவது பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரர். மடிப்பு, கறை உள்ள டி206 காமன் 100 டாலருக்குள் கிடைக்கும். அசல் அட்டையின் தடிமன், மையின் நிறம், முதுகுப் பக்க அச்சு எல்லாம் கைக்குப் பழக இதைவிட மலிவான வழி கிடையாது. பிறகு நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கார்டையும் இதோடு ஒப்பிடலாம்.

அடுத்த படி, ஹால் ஆஃப் ஃபேமில் (மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்) இருந்தும் விலை தலைக்கு மேல் போகாதவர்கள். ஜோ டிங்கர், ஜானி எவர்ஸ், ஃபிராங்க் சான்ஸ் மூவரையும் நான் மிகவும் விரும்புவேன். சிகாகோ கப்ஸ் அணி 1907, 1908 என்று அடுத்தடுத்து உலகத் தொடரை வென்றபோது உள்வட்டத்தைக் காத்தவர்கள், அதற்குப் பிறகு அந்த அணி மறுபடி வெல்ல 2016 வரை ஆனது. குறைந்த கிரேடில் இவர்கள் சில நூறு டாலருக்கு வருவார்கள்.

அதற்கு மேலே போனால் பிட்சர்கள், அதாவது பந்தெறிபவர்கள்: கிறிஸ்டி மேத்யூசன் (373 வெற்றி), வால்டர் ஜான்சன் (417), சை யங் (511, இன்றுவரை யாரும் நெருங்காத எண்ணிக்கை). மேத்யூசனுக்கும் யங்குக்கும் டி206-ல் மூன்று மூன்று கார்டு, ஜான்சனுக்கு இரண்டு. முகம் மட்டும் பெரிதாக வரும் ‘போர்ட்ரெய்ட்’ வகைக்குத்தான் எப்போதும் கிராக்கி, முழு உருவம் நிற்கிற படம் கொஞ்சம் மலிவு. மேத்யூசன் பந்தெறியத் தயாராக நிற்கும் கருப்புத் தொப்பிக் கார்டு எனக்குப் போர்ட்ரெய்ட்டைவிட அழகாகப் படும், விலையும் குறைவு.

அப்புறம் டை காப். நான்கு கார்டு: சிவப்புப் பின்னணி, பச்சைப் பின்னணி, தோளில் மட்டையோடு, மட்டையைத் தோளிலிருந்து எடுத்து. சிவப்புதான் அதிகம் கிடைப்பது, ஆனாலும் மிகக் குறைந்த கிரேடில்கூட ஆயிரம் டாலரைத் தாண்டும். பச்சை அரிது, விலையும் மேலே. காப் முரட்டு ஆள், சண்டைக்காரர், அதையெல்லாம் மீறி 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபோது பேப் ரூத்தையும் வாக்னரையும்விட அதிக வாக்கு வாங்கியவர் அவர்தான். மற்ற இரண்டு பேர் மேத்யூசனும் ஜான்சனும்.

பேப் ரூத்தும் ஜோ ஜாக்சனும் டி206-ல் இல்லையா?

இல்லை. ரூத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்ததே 1914-ல். அந்த ஆண்டு பால்டிமோர் நியூஸ் பத்திரிகை உள்ளூர் அணிக்காக வெளியிட்ட கார்டுதான் அவருடைய முதல் கார்டு, தெரியவந்தவை சுமார் பத்துதான், 2023 டிசம்பரில் ஒன்று 72 லட்சம் டாலருக்குப் போனது. 1916-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பிட்சராக வந்த கார்டைத்தான் பலர் ‘ரூக்கி கார்டு’ (அறிமுக காலத்துக் கார்டு) என்பார்கள். சாதாரண மனிதர் வாங்கக்கூடிய ரூத் என்றால் 1933 கௌடி சூயிங்கம் தொகுப்பு, அதில் அவருக்கு மட்டும் நான்கு கார்டு: எண் 53, 144, 149, 181. வாங்கக்கூடியது என்றாலும் அடிமட்டக் கிரேடிலேயே சில ஆயிரம் டாலர் ஆகும்.

ஜாக்சன் ஆரம்பத்தில் ஒரு மிட்டாய்த் தொகுப்பில் (ஈ90-1) வருகிறார், 1914, 1915 கிராக்கர் ஜாக் தொகுப்புகளிலும் 103-ஆம் எண்ணாக இருக்கிறார். 1919 உலகத் தொடரில் பணம் வாங்கித் தோற்ற விவகாரத்தில் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டதால் அவர் கார்டு குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம். கிராக்கர் ஜாக் பற்றி ஒரு தகவல்: 1914 கார்டுகள் பாகு பூசிய சோளப்பொரிப் பெட்டிக்குள்ளேயே கிடந்து வந்ததால் பெரும்பாலும் கறையோடு இருக்கும். 1915-ல் தபாலில் எழுதி முழுத் தொகுப்பாகவும் வாங்க முடிந்தது, அதனால் அந்த ஆண்டுக் கார்டு சுத்தமாகக் கிடைக்கும். கறையே இல்லாத 1914 கார்டை யாராவது நீட்டினால் இரண்டு முறை பாருங்கள்.

இந்தத் தொகுப்புகளில் கறுப்பின ஆட்டக்காரர்களே இல்லையே?

இல்லை, ஏனென்றால் 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை இருபதாம் நூற்றாண்டு மேஜர் லீகில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்) அவர்களை விடவில்லை. ஆட்டம் இருந்தது, லீக் இருந்தது, கூட்டம் இருந்தது, ஆனால் அமெரிக்கக் கம்பெனிகள் அவர்களுக்குக் கார்டு போடவில்லை. கிடைப்பது பெரும்பாலும் கரீபியனில். குளிர்காலத்தில் கியூபாவில் போய் ஆடியவர்களுக்கு அங்கே புகையிலைக் கம்பெனிகள் கார்டு போட்டன, 1923-24 பில்லிக்கன் தொகுப்பில் ஆஸ்கர் சார்ல்ஸ்டன் இருக்கிறார். ஜோஷ் கிப்சனுக்கோ, அவர் 1947-ல் இறந்த பிறகுதான், 1950-51-ல் போர்ட்டோ ரிக்கோவின் டொலெட்டெரோஸ் தொகுப்பில் ஒரு கார்டு வந்தது.

கறுப்பின ஆட்டக்காரர்களின் அந்த நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் 2024-ல் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டதும், வாழ்நாள் பேட்டிங் சராசரியில் .367 வைத்திருந்த காப்பைத் தாண்டி .372-உடன் கிப்சன் மேலே வந்துவிட்டார். ‘ஆரம்ப கால நட்சத்திரங்கள்’ என்று சொல்லிக்கொண்டு இவர்களை விட்டுவிட்டுச் சேகரித்தால் அது பாதிச் சேகரிப்புதான். கார்டு அரிது, விலை அதிகம், உண்மை. குறைந்தபட்சம் இவர்களைப் பற்றிப் படித்தாவது வையுங்கள்.

கார்டின் பின்பக்கத்தை ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்?

டி206 கார்டின் முதுகில் 16 சிகரெட், புகையிலைப் பெயர்களில் ஏதாவது ஒன்றின் விளம்பரம் இருக்கும். பீட்மாண்ட், ஸ்வீட் கேப்போரல் இரண்டும் எங்கும் கிடைக்கும். ட்ரம், உசிட், லெனாக்ஸ், பிராட் லீஃப் போன்றவை அரிது. ஒரே ஆட்டக்காரர், ஒரே படம், ஒரே நிலை, முதுகு மட்டும் பீட்மாண்டுக்குப் பதில் ட்ரம் என்றால் விலை பல மடங்கு. எல்லாவற்றுக்கும் மேல், காப்பின் சிவப்புக் கார்டில் முதுகிலும் டை காப் பெயரிலேயே புகையிலை விளம்பரம் வரும் வகை. 2016-ல் ஒரு பழைய வீட்டில் தூக்கிப்போட இருந்த கசங்கிய காகிதப் பைக்குள் அதில் ஏழு ஒன்றாகக் கிடைத்தபோது சேகரிப்பாளர்கள் பல நாள் அதையே பேசினோம். அதனால் கையில் கார்டு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள்.

கிரேடிங் என்றால் என்ன? கட்டாயமா?

கார்டை ஒரு கம்பெனிக்கு அனுப்பினால் அசலா என்று பார்த்து, 1 முதல் 10 வரை எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். அந்த உறையை ‘ஸ்லாப்’ என்பார்கள். பழைய கார்டுக்குப் பி.எஸ்.ஏ.வும் எஸ்.ஜி.சி.யும்தான் முக்கியம். அசல்தான், ஆனால் திருத்தப்பட்டது என்றால் எண் இல்லாமல் ‘ஆதென்டிக்’ என்று மட்டும் போடுவார்கள்.

காமன் கார்டுக்குத் தேவையில்லை. காப், மேத்யூசன், ரூத் அளவுக்குப் போனால் ஸ்லாப் இல்லாமல் வாங்காதீர்கள், புதியவராக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். ஸ்லாபிலேயே போலி உண்டு, அதனால் அதில் உள்ள சான்று எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் கார்டோடு மூலை மூலையாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரே எண் போட்ட இரண்டு கார்டு ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் ஆட்டக்காரரின் முகத்துக்கு நடுவே மடிப்பு ஓடும். இன்னொன்று அந்தக் காலத்தில் யாரோ நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்துப் பிற்பாடு பிரித்ததால் முதுகில் காகிதம் பிய்ந்திருக்கும், ஆனால் முன்பக்கம் பூப்போல இருக்கும். இரண்டுக்கும் கிரேடு 1 தான். நான் என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். சந்தையும் இப்போது இதற்குக் கொஞ்சம் கூடுதல் கொடுக்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் முன்பக்க அழகுக்குக் கிடைக்க வேண்டிய விலையோடு பார்த்தால் இன்னும் மலிவுதான்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

டி206 ரீப்ரிண்ட் (பிற்காலத்தில் மறுபடி அச்சடித்த நகல்) கணக்கில்லாமல் இருக்கிறது, முக்கியமாக வாக்னரும் காப்பும். பெரும்பாலானவை யாரையும் ஏமாற்ற அச்சடித்தவை அல்ல, பொம்மைக் கடையில் விற்றவை. அவற்றைத் தேநீரில் நனைத்து, மூலையைத் தேய்த்து, ‘ரீப்ரிண்ட்’ என்ற எழுத்தைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, தாத்தா கதையோடு விற்பவர்கள்தான் ஆபத்து.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்று வாங்குங்கள். கீழே ஆட்டக்காரர் பெயரும் அணியின் பெயரும் பழுப்பு மையில் இருக்கும். அசலில் அந்த எழுத்து முழுமையான மையாக, ஓரம் தெளிவாக இருக்கும். ரீப்ரிண்டில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். படப் பகுதியில் மட்டும் பார்த்துக் குழம்பாதீர்கள், அசலிலும் அங்கே புள்ளி உண்டு, ஆனால் இன்றைய அச்சுப்போல வரிசையாக, சீராக இருக்காது. அடுத்தது புற ஊதா விளக்கு. இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு வந்த காகிதங்கள் பலவற்றில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பதால், இருட்டில் அந்த விளக்கில் நீல வெள்ளையாக ஒளிரும். 1910 அட்டை ஒளிராமல் மங்கலாகக் கிடக்கும். ஒளிர்ந்தால் போலி என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம், ஒளிராவிட்டால் மட்டும் அசல் என்று முடிவுக்கு வரக் கூடாது, பழைய காகிதத்திலேயே அச்சடிக்கவும் ஆள் இருக்கிறார்கள்.

தேய்மானத்தையும் பாருங்கள். உண்மையாகப் பழசான கார்டில் நான்கு மூலையும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது.

அசல்தான், ஆனால் ‘திருத்தப்பட்டது’ என்றால்?

ஓரத்தை வெட்டுவது, வெளுத்த இடத்தில் வண்ணம் பூசுவது, மூலையில் காகிதக் கூழ் வைத்துக் கட்டுவது, ரசாயனத்தால் கறை எடுப்பது, மடிப்பை அழுத்தி மறைப்பது. மதிப்பு பாதிக்கும் கீழே போகலாம். சொல்லி விற்றால் தவறில்லை, திருத்திய காப் ஒன்றை அதற்குரிய விலையில் வாங்கிச் சந்தோஷமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சொல்லாமல் விற்பதுதான் மோசடி. வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பசையை நீக்குவதை மட்டும் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அளவு குறைந்தாலே வெட்டியது என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்கன் பியூட்டி முதுகுள்ள டி206 கார்டுகள் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் ஒல்லியாக வெட்டப்பட்டவை.

விலையை எப்படி மதிப்பிடுவது?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் ஒருவர் காப் கார்டுக்கு என்ன வேண்டுமானாலும் போட்டு வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம், அதற்கு அர்த்தம் கிடையாது. விற்று முடிந்தவற்றைத் தனியாகக் காட்டும் வசதி அங்கேயே இருக்கிறது, பெரிய ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளைத் திறந்து வைத்திருக்கின்றன. அதே ஆட்டக்காரர், அதே படம், அதே முதுகு, அதே கிரேடு, கிரேடு கொடுத்த கம்பெனியும் அதே என்று நான்கைந்து விற்பனையாவது எடுங்கள். ஒன்று மட்டும் வானத்துக்குப் போயிருந்தால் இரண்டு பேர் வீம்புக்குக் கேட்டிருப்பார்கள், அதை ஒதுக்கிவிடுங்கள். தேதியும் பாருங்கள்: 2020-21 பெருந்தொற்றுக் காலத்தில் கார்டு விலை கண்மூடித்தனமாக ஏறியது, அந்தக் கணக்கை வைத்து இன்றைக்கு வாங்க முடியாது.

பிறகு கண்ணால் பாருங்கள். படம் நடுவில் இருக்கிறதா, வண்ணம் வெளுக்காமல் இருக்கிறதா, முகத்தில் மடிப்போ கறையோ உண்டா. இதைப் பொறுத்து ஒரே கிரேடுக்குள்ளேயே விலை நன்றாக மாறும். முதுகு பிய்ந்திருந்தால் கம்பெனிப் பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், படிக்க முடியாவிட்டால் இன்னும் குறையும்.

ஏலத்தில் எடுத்தால், நீங்கள் கேட்ட தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் வரும், பல இடங்களில் 20 சதவீதம் அளவில். செய்தியில் வரும் சாதனை விலைகள் பெரும்பாலும் அதையும் சேர்த்துத்தான். கேட்பதற்கு முன்பே அதைக் கழித்துக் கணக்குப் போட்டு, உங்கள் எல்லையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்கி மான்டில் கார்டுதானே உலகிலேயே விலை உயர்ந்தது என்றார்கள்?

2022 ஆகஸ்டில் 1952 டாப்ஸ் மான்டில் ஒன்று 1.26 கோடி டாலருக்குப் போனது, அப்போதைக்கு அது உண்மைதான். ஆனால் அது இந்தப் பக்கத்தின் காலம் இல்லை. மான்டில் கார்டு வாக்னர் அளவுக்கு அரிதும் இல்லை, அந்த ஒரு கார்டின் நிலை (கிரேடு 9.5) தான் அந்த விலை. விற்காமல் மிஞ்சிய 1952 பெட்டிகளை டாப்ஸ் கம்பெனி 1960 வாக்கில் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அதைக் கேட்டு இன்னும் பலருக்கு வயிறு எரியும்.

வீட்டில் பழைய பெட்டியில் கார்டு கிடைத்தது. என்ன செய்வது?

ரப்பர் பேண்ட் போடாதீர்கள், துடைக்காதீர்கள், ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கேளுங்கள். முதலில் பார்த்தவரே ‘இப்பவே காசு தரேன்’ என்று அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும் ரீப்ரிண்டாகவோ 1980களின் கார்டாகவோ இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஆனால் அதிசயமும் நடக்கிறது. 2012-ல் ஒஹாயோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில் தாத்தாவின் வீட்டுப் பரணில் இருந்த அட்டைப்பெட்டியில் 1910 வாக்கிலான ஈ98 மிட்டாய்க் கார்டுகள் சுமார் 700 கிடைத்தன, காப், வாக்னர், சை யங் எல்லாம் கை படாத நிலையில். அவற்றில் 37 கார்டு மட்டும் முதல் ஏலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் போயின. அந்தக் குடும்பம் செய்த நல்ல காரியம், அவசரப்பட்டு உள்ளூரில் விற்காமல் நிபுணர்களுக்கு அனுப்பியதுதான்.

முதலீடாக வாங்கலாமா?

வாக்னர், ரூத், காப் விலை பல பத்தாண்டுகளாக ஏறித்தான் வந்திருக்கிறது. ஆனால் கார்டு வட்டி தராது, விற்க நேரம் பிடிக்கும், விற்கும்போதும் கமிஷன் போகும். கடன் வாங்கி வாங்காதீர்கள். விலை பாதியானாலும் மேசையில் வைத்துப் பார்க்கப் பிடிக்கும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

எங்கே வாங்குவது?

பழைய கார்டுக்கென்று பேர் வாங்கிய ஏல நிறுவனங்கள், திரும்ப எடுத்துக்கொள்வதாக உத்தரவாதம் தரும் வியாபாரிகள், பிறகு ஈபே (விற்பவரின் பழைய வரலாற்றைப் படித்துவிட்டு). அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, வருஷம் ஒரு முறை கோடையில் நடக்கும் நேஷனல் என்ற பெரிய கண்காட்சி, பல வருஷம் சிகாகோ பக்கத்து ரோஸ்மாண்டில்தான் நடக்கும். வாங்காவிட்டாலும் போய்ப் பாருங்கள். ஓல்ட் ஜட்ஜ், கிராக்கர் ஜாக், கௌடி எல்லாவற்றையும் ஒரே நாளில் கண்ணெதிரே பார்க்கலாம், நல்ல வியாபாரிகள் கேட்டால் சலிக்காமல் விளக்குவார்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் கெட்டியான உறை. பி.வி.சி. கலந்த பழைய ஆல்பம் தாள் வேண்டாம், அது நாளடைவில் கசிந்து கார்டில் ஒட்டும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் இருந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். விலை உயர்ந்தவற்றுக்குச் சான்று எண், வாங்கிய ரசீது, இரண்டு பக்கப் படம் ஆகியவற்றைக் கார்டு இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.